எலும்பு சேராத வீடு

பிப்ரவரி 11

எறும்புக்கு அப்பா எழுதுவது.

நீ எழுதிய நான்கு வரி வந்து சேர்ந்தது. நான்கு மாதம் பேசாமல் இருந்தவள் நான்கு வரி எழுதியிருக்கிறாய், மாதத்துக்கு ஒரு வரி. போகட்டும். போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ அழுகிறாய், ஆகவே கடிதம் என்கிறாய். அது நியாயம்தான். நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

அம்மா போன பிறகு தனியாக எத்தனை நாள் இருப்பீர்கள், இங்கே வந்துவிடுங்கள், பின்பக்க அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கு ஒத்துவருகிற மாதிரி என்னென்ன வாங்கிவைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். வருவதா இல்லையா என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. ஆஸ்பத்திரி வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, "அம்மாவ நிம்மதியா விடுங்கப்பா, இப்பவாவது அவங்க இஷ்டத்துக்கு ஒரு வாய் சாப்பிடட்டும்" என்று என்னைப் பார்த்துக் கத்தினாய். நர்ஸ் கொண்டுவந்த ஜெல்லியை நான் திருப்பி அனுப்பியது உனக்குக் கொடுமையாகப் பட்டது. நான் இன்னும் அதை மறக்கவில்லை.

அந்த ஜெல்லி எங்கிருந்து வருகிறது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? முப்பத்தோரு வருடம் ஜெலட்டின் ஆலையில் எலும்பு வேகும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவன் நான். லாரியில் எலும்பு வரும், தோல் துண்டு வரும். சுண்ணாம்பில் ஊறவைத்து, வேகவைத்து, வடிகட்டி, கண்ணாடி போலாக்கி அனுப்புவோம். அது ஜெல்லியாகும், மிட்டாயாகும், மாத்திரைக் கூடாகும். வீட்டுக்கு வந்தால் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு அம்மா முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாய். வேலையில் இருந்தவரை வாயைத் திறக்காமல் சம்பளம் வாங்கினேன். ஓய்வு பெற்ற மறுநாள், இனி இது என் வாசல்படி ஏறாது என்று முடிவெடுத்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகப் படித்து நானே கற்றுக்கொண்டேன். தெருவில் எனக்கு "லேபிள்" என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். வைக்கட்டும்.

இனிப் பொருள்கள். முதலில் சோப்பு. வாசனையைப் பார்த்து வாங்காதே, பின்பக்கத்தைப் பார். சோடியம் டாலோவேட் என்று போட்டிருந்தால் அது மாட்டுக் கொழுப்பு, வைத்துவிட்டு வா. தேங்காய் எண்ணெயில் செய்ததாக இருந்தால் எடு. துணிக்கும் பாத்திரத்துக்கும் அதே கணக்குதான். பற்பசையில் கிளிசரின் இருக்கும். அது செடியிலிருந்தா மாட்டிலிருந்தா என்று எழுதமாட்டார்கள். எழுதாதவனை நம்பாதே, உப்பும் கிராம்புத் தூளும் போதும். தலையணைக்கு இலவம்பஞ்சு. இறகு வைத்தது மெத்தென்று இருக்கும், பிடுங்கும்போது அந்த வாத்துக்கு மெத்தென்று இருந்திருக்காது. போர்வை பருத்தி. செருப்பு ரப்பர் போதும், துணிச் செருப்பு வாங்கினால் எந்தப் பசையில் ஒட்டினார்கள் என்று கேள். அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போவதாக இருந்தால் பன்றி மயிர் பிரஷ் வேண்டாம், நைலான். கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவத்தியில் தேன்மெழுகு கூடாது. பளபளவென்று மின்னுகிற ஆப்பிள் கூடாது, அதன் மேல் பூசியிருப்பது அரக்கு, அரக்கு பூச்சியுடையது. சிவப்பு மிட்டாய், சிவப்பு உதட்டுச் சாயம், அதுவும் பூச்சிதான். நீ உதட்டுச் சாயம் பூசுகிறாய் என்று எனக்குத் தெரியும்.

பாலுக்குச் சோயா வாங்கி நீயே அரைத்துக்கொள். கொதிக்கிற டீயில் ஊற்றாதே, திரிந்துபோகும். டீயை இறக்கிவைத்து, பாலைச் சூடாக்கி, மெதுவாக ஊற்று. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதமும் உன் அம்மாவின் பொறுமையும் செலவாயின.

ஆறு வருடம் அவள் இந்த வீட்டில் இப்படித்தான் இருந்தாள். குறை ஒன்றும் சொல்லவில்லை.

மாப்பிள்ளையின் பெல்ட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் இடுப்பு.

அப்பா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடைக்குப் போனேன். ஒவ்வொரு சோப்பாகத் திருப்பித் திருப்பிப் படித்ததைப் பார்த்து கடைக்காரர், "என்னம்மா, சோப்புக்கு ஜாதகம் பாக்குறீங்களா?" என்றார். "ஆமாங்க, எங்க அப்பாவோட பொருத்தம் பாக்குறேன்" என்றேன். பதினாறாவது சோப்பில் பொருத்தம் அமைந்தது. பச்சை உறை, தேங்காய் எண்ணெய்.

தலையணை, போர்வை, நைலான் பிரஷ் எல்லாம் ஆயிற்று. ரப்பர் செருப்பு உங்கள் அளவு எட்டுதானே? இரண்டு நாள் சோயா அரைத்தேன். முதல் நாள் டீ திரிந்தது, நீங்கள் எழுதியிருந்ததை மறந்து கொதியில் ஊற்றிவிட்டேன். இரண்டாவது நாள் வந்தது. உங்கள் மாப்பிள்ளை குடித்துவிட்டு, "மோசமில்ல, மோசமில்ல" என்று இரண்டு முறை சொன்னார், அப்படியென்றால் மோசம். "மாமா வர்றதுக்குள்ள நான் வீட்ட விட்டுப் போயிடணும் போலிருக்கு. பெல்ட்டு தோலு, பர்ஸு தோலு, உள்ள நானும் தோலுதான்" என்கிறார். ஆனால் ரப்பர் செருப்பை அவர்தான் தேடி வாங்கிவந்தார்.

வராந்தாவில் கத்தியது தப்புத்தான். அம்மா மூன்று வாரம் அந்தக் கட்டிலில் கிடந்ததைப் பார்த்து எனக்கு எங்கே கத்துவதென்று தெரியவில்லை. குளியலறையில் விழுந்ததிலிருந்து அவள் சரியாக ஒரு வார்த்தை பேசவில்லை, அன்றைக்குத்தான் அந்த ஜெல்லியைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். விடுங்கள்.

உங்களுக்கும் பிரஷர் வந்திருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கு நீங்கள் சொல்லவில்லை. மருந்தின் பெயரை எழுதுங்கள். நான் திரைச்சீலை தைக்கிற கடைக்குக் கீழேதான் மருந்துக் கடை, வாங்கி வைத்துவிடுகிறேன். ஜெலட்டின் கூட்டில் வருகிற மருந்து என்றால் உங்களுக்கு ஆகாதே, எப்படிச் சாப்பிடுகிறீர்கள்?

எறும்பு

*

பிப்ரவரி 25

எறும்புக்கு,

எட்டு இல்லை, ஏழு. மாற்றிவிடு.

அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். உனக்காக இல்லை. இந்த வீட்டில் டீ போட்டால் இரண்டு டம்ளர் எடுத்துவைக்கிறேன். எடுத்துவைத்த பிறகுதான் தெரிகிறது.

மருந்தின் பெயரைத் தனியாக ஒரு துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்குக் கொடுத்த அதே மருந்துதான், டாக்டர்தான் வேறு. கூடு பற்றிக் கேட்டிருக்கிறாய். அந்தக் கூடு நாங்கள் காய்ச்சியதேதான், அது என் வாய்க்குள் போகுமா? இரண்டு விரலால் திருகினால் கழன்றுவிடும். உள்ளே கடுகு மாதிரி வெள்ளையும் நீலமுமாக உருண்டைகள். உன் அம்மாவின் பல்செட்டில் அவை போய் மாட்டிக்கொள்ளும், அதனால் கரண்டியின் பின்பக்கத்தால் மாவாக நசுக்கி, வாழைப்பழத்தில் பிசைந்து, காலை எட்டு மணிக்குக் கொடுத்துவிடுவேன். பதினோரு மாதம், ஒரு நாள் தவறியதில்லை. கூட்டைக் குப்பையில்கூடப் போடமாட்டேன், கொல்லையில் புதைத்துவிடுவேன். அவள் வாயில் ஒரு துளி எலும்பு போகவில்லை. வராந்தாவில் கத்துகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

எனக்கும் இப்போது அதே முறைதான், மூன்று வாரமாக. உடம்புக்கு ஒன்றுமில்லை. காலை ஒன்பது மணிவாக்கில் சுவர் கொஞ்சம் நகர்கிற மாதிரி இருக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. வயதுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி? உன் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பேரீச்சம்பழம் கொடுத்தேன்.

மாப்பிள்ளைக்குச் சொல், டீ பழகிவிடும்.

அப்பா

*

மார்ச் 1

அப்பா,

இதைப் படிக்கிற நிமிடத்திலிருந்து அந்த மருந்தை நசுக்காதீர்கள். மூன்று முறை போன் அடித்தேன், நீங்கள் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறேன், டப்பாவை அவரிடம் கொடுத்துவிட்டு டாக்டரைப் போய்ப் பாருங்கள்.

உங்கள் துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு கீழே மருந்துக் கடைக்குப் போனேன். செடியில் செய்த கூட்டில் இதே மருந்து கிடைக்குமா, எங்கள் அப்பா கூட்டைக் கழற்றிப் பொடி பண்ணிச் சாப்பிடுகிறார் என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். கடைக்காரர் சிரிக்கவில்லை. "பொடி பண்ணியா? யாரும்மா அப்படிச் சொன்னது? இது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா எறங்குற மருந்து. அந்த உருண்டைய உடைச்சா ஒரு நாள் மருந்தும் ஒரேயடியா எறங்கிடும். பிரஷர் சரசரன்னு கீழ போயிடும். வயசானவங்க நின்ன இடத்துலயே விழுந்துடுவாங்க" என்றார்.

பிறகு, "கூடுதான் வேணாம்னா இதே வேலைக்கு மாத்திரையாவே இருக்கே, ஜெலட்டின் இல்லாதது. ஒரு வார்த்தை கேட்டிருந்தா டாக்டரே மாத்தி எழுதியிருப்பாரு" என்றார். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளைப் பிரித்துக் காட்டினார். முழுதாக விழுங்கவும், உடைக்கவோ நசுக்கவோ கூடாது. கறுப்பாக, பெரிதாகப் போட்டிருக்கிறது. நீங்கள் ஊரில் உள்ள டப்பாவை எல்லாம் படிக்கிறவர்.

நான் அவரிடம் அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மேலே வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு திரைச்சீலையைத் தலைகீழாகத் தைத்துவிட்டேன்.

அம்மா விழுந்தது எத்தனை மணிக்கு அப்பா? அன்று ஆஸ்பத்திரிச் சீட்டில் நான்தான் எழுதிக்கொடுத்தேன். ஒன்பதேகால்.

எ.

*

மார்ச் 5

உன் கடிதம் கிடைப்பதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுக்காரி வந்து, என் வீட்டு அலமாரியைத் திறந்து, என் மருந்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "உங்க பொண்ணு சொல்லிச்சு" என்றாள். எழுபத்தொரு வயதில் என் வீட்டில் எனக்குச் சோதனை. மறுநாள் அவளே என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள், குழந்தையைக் கூட்டிப்போகிற மாதிரி. மாத்திரை எழுதிக்கொடுத்தார். வட்டமாக, வெள்ளையாக இருக்கிறது.

ஊரில் உள்ள டப்பாவை எல்லாம் படிக்கிறவன் இதை ஏன் படிக்கவில்லை என்கிறாய். பெட்டியின் பக்கவாட்டில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று போட்டிருப்பதை நான் படிப்பேன். உள்ளே இருக்கிற தாள், எப்படிச் சாப்பிடுவது என்று சொல்கிற தாள். அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. வாயால்தானே சாப்பிட வேண்டும்? பழத்தோலோடு சேர்த்து எறிந்துவிடுவேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். விழுகிறவர்கள் எல்லாரும் மருந்தால்தான் விழுகிறார்களா? அன்று குளியலறைத் தரை ஈரமாக இருந்தது. அந்தத் தரையை மாற்ற வேண்டும் என்று நான் வீட்டுக்காரரிடம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். டாக்டர் என்று ஒருவர் இருந்தார், பொடி பண்ணாதே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்துக் கடையில் ஒரு பெண் இருந்தாள், அவளும் சொல்லவில்லை. எல்லாரும் சும்மா இருந்தார்கள், கரண்டி பிடித்தவன் மட்டும் கொலைகாரன். நீ வருடத்துக்கு ஒருமுறை வருவாய், இரண்டு நாள் இருப்பாய், அலமாரியில் இருக்கிறதைப் பார்த்து "இதெல்லாம் எங்கப்பா கிடைக்குது?" என்று சிரித்துவிட்டுப் போவாய். உன் கையால் அவளுக்கு ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கிறாயா? பதினோரு மாதம் கொடுத்தவன் நான்.

மருந்துக் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு அப்பாவுக்குக் கடிதம் எழுதுகிறாய். அவர் எந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்?

சுவர் இப்போது நகர்வதில்லை. இன்றோடு நான்கு நாள் ஆகிறது, காலையில் ஒன்பது மணிக்கு நின்றுகொண்டே இருந்து பார்க்கிறேன். நகரவில்லை. இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அப்பா

*

மார்ச் 9

அப்பா,

முதலில் உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட நினைத்தேன். உங்கள் மாப்பிள்ளை பிடுங்கி வைத்துக்கொண்டார். "முழுசாப் படி, கடைசி நாலு வரிய ரெண்டு தடவ படி" என்றார். படித்தேன். நீங்கள் தனியாகச் சுவருக்கு எதிரே நின்றுகொண்டு கடிகாரத்தைப் பார்ப்பது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நான் வருடத்துக்கு ஒருமுறைதான் வந்தேன். நான் அங்கே ஒரு வாரம் இருந்திருந்தால் அந்தக் கரண்டியைப் பார்த்திருப்பேன்.

எட்டு நாளாக ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வேலைக்குப் போகிறேன். உங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, உங்களுக்குத் தெரியாது, அவள் வாயில் எலும்பு போகக் கூடாது என்று பாடுபட்டீர்கள், தெரியாமல் நடந்துவிட்டது. இதைத்தான் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன். தெரியாமல் செய்தவரோடு ஒரே வீட்டில் இருக்கலாம் அப்பா. அழுதுகொண்டாவது இருக்கலாம்.

அறை தயார். செருப்பை ஏழாக மாற்றிவிட்டோம். பதினெட்டாம் தேதி நான் ஸ்டேஷனுக்கு வருவேன். நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம், நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்றும் தெரியும். "எனக்குத் தெரியாதும்மா" என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு ரயில் ஏறுங்கள். எனக்கு அது போதும்.

எறும்பு

*

மார்ச் 13

எறும்புக்கு அப்பா எழுதுவது.

நீ கேட்ட வரியை எழுத நான்கு தாளைக் கிழித்தேன். ஒவ்வொரு தாளிலும் எழுதினேன். எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் பொய்யாக இருந்தது.

உன் அம்மா கேட்டாள்.

முதல் முறை, மருந்து ஆரம்பித்து மூன்றாவது மாதம். சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தினமும் இத சாப்பிட்டதும் தலை கிறுகிறுங்குது. ஒரு தடவ அந்த மருந்துக் கடைப் பொண்ணுகிட்ட கேட்டுட்டு வாங்களேன், இப்படி இடிச்சுச் சாப்பிடலாமான்னு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "முப்பத்தோரு வருஷம் அதக் காய்ச்சினவன் நான். அந்தப் பொண்ணு வேணா என்கிட்ட வந்து கேக்கட்டும்" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்று அது எங்களுக்கு ஒரு வேடிக்கை.

இரண்டாவது முறை அவள் சிரிக்கவில்லை. கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வாரம் இத முழுசா முழுங்கிப் பாக்கட்டுமா? உங்களுக்குத்தான ஆகாது, எனக்கு ஒண்ணும் இல்லையே" என்றாள். இரண்டு நாள் மருந்தை இடித்து வைத்ததோடு சரி, அவளோடு பேசவில்லை, அவள் போட்ட டீயைத் தொடவில்லை. உனக்கு என் பிடிவாதம் தெரியும். அவளுக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும். மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு அவளே வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு, கரண்டியை எடுத்துக்கொண்டு, என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "சரி, இடிங்க" என்றாள். அதன் பிறகு கேட்கவில்லை. விழுந்த அன்று வரைக்கும் கரண்டியை அவள்தான் எடுத்துவந்தாள்.

குறை ஒன்றும் சொல்லவில்லை என்று உனக்கு எழுதினேன். அதைத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

நேற்று அந்த மருந்துக் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் உன் அம்மாவின் பழைய மருந்துப் பெட்டியைக் காட்டி, "இத எப்படிம்மா சாப்பிடணும்?" என்று கேட்டேன். வாழ்க்கையில் ஒரு கடையில் நின்று நான் இப்படிக் கேட்டதில்லை. அந்தப் பெண் கடையில் இருந்த புதுப் பெட்டியிலிருந்து தாளை எடுத்துப் பிரித்து, விரல் வைத்துக் காட்டி, "முழுசா முழுங்கணும் ஐயா, கூடு பிடிக்கலைன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க, வேற மாத்திரை தருவாரு" என்றாள். அரை நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்றவர் சலித்துக்கொள்ளக்கூட இல்லை.

நான் பிடித்த கொள்கை தப்பு என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. எழுதமாட்டேன். அந்தத் தொட்டியில் வெந்ததை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், சாகும்வரை அது என் வாய்க்குள் போகாது. ஆனால் ஒரு மாட்டுக்காகக் காட்டிய பதைப்பில் பாதியை, பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் காட்டவில்லை. கேட்டிருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருக்கலாம். மருந்துக் கடைக்காரர் உன்னிடம் சொன்னது அதுதான். உனக்கு அது உறைக்காமல் போனால் நல்லது என்று இருந்தேன்.

தெரியாமல் செய்தவனோடு ஒரே வீட்டில் இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நான் தெரியாதவன் இல்லை. தெரிந்துகொள்ள வழி இருந்தும், கேள் என்று கட்டியவள் சொல்லியும் கேட்காதவன். உனக்கு நான் இதைச் சொல்லாமல் அந்த அறையில் வந்து படுத்திருக்கலாம். மாப்பிள்ளை வாங்கிய செருப்பைப் போட்டுக்கொண்டு, நீ ஊற்றுகிற டீயைக் குடித்துக்கொண்டு, நீ என்னைப் பார்க்கும்போதெல்லாம் "பாவம், அப்பாவுக்குத் தெரியாது" என்று நினைப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். அப்படி ஒரு நாள்கூட என்னால் உட்கார முடியாது. அவள் கேட்டதை நான் மறைத்தால் அவளை இன்னொரு முறை வாயை மூடச் சொன்ன மாதிரி.

இதைப் படித்ததும் நீ போன் அடிப்பாய். எடுக்கமாட்டேன். இரக்கப்பட்டு எழுதாதே, கோபப்பட்டு வேண்டுமானால் எழுது. பக்கத்து வீட்டுக்காரி தினமும் எட்டு மணிக்கு வந்து நான் மாத்திரை போடுவதைப் பார்த்துவிட்டுப் போகிறாள். போடுகிறேன். அதில் உனக்குக் கவலை வேண்டாம்.

டிக்கெட்டை இன்று காலை திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதினெட்டாம் தேதி ஸ்டேஷனுக்குப் போகாதே.

அப்பா